தட்டுச் சத்தத்துக்குத் திடுக்கிடுகிறதே, பிறகெதற்குக் கண்டிக்கு?

வாசகர் கடிதம்:

"மிஸ், பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து எழுதுகிறேன். எனக்கு இது இரண்டாவது பிள்ளை, மகள். பிறந்து ஐந்து கிழமை. ஒபரேஷன் செய்துதான் எடுத்தார்கள். அடுத்த நாள் காலையில் ஒரு மிஸ் வந்து பிள்ளையின் இரண்டு காதிலும் சின்னதாக ஒன்றை வைத்துப் பார்த்துவிட்டுத் துண்டு ஒன்று எழுதித் தந்தார். துண்டு இங்கிலீசில் இருக்கிறது. சிங்களத்தில் ஏதோ விளக்கினார், 'கண்டி', 'ஒரு மாதம்' என்பது மட்டும்தான் எனக்கு விளங்கியது. பக்கத்துக் கட்டில் அக்கா, 'பிள்ளைக்குக் காது கேட்கவில்லையாம்' என்றார். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டில் அத்தை (நான் கட்டியது அத்தை மகனைத்தான்) பிள்ளைக்குப் பின்னால் நின்று தட்டில் கரண்டியால் ஓங்கித் தட்டினார். பிள்ளை திடுக்கிட்டு அழுதது. 'கேட்கிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கண்டிக்கு அலையாதே' என்கிறார். என் நாத்தனாருக்கு மூன்று மாதத்தில் ஒரு மகன். எட்டு மாதத்திலேயே பிறந்து, பேபி ரூமில் ஒன்பது நாள் வைத்திருந்தார்கள். மஞ்சள் வந்து லைட்டுக்குக் கீழே போட்டார்கள், ஊசியும் போட்டார்கள். அந்த ஆஸ்பத்திரியில் காது பார்க்கிற மிஷினே இல்லையாம். அந்தப் பிள்ளை நன்றாகத்தானே இருக்கிறான்? என் பிள்ளைக்கு மட்டும் ஏன் இந்த அலைச்சல்? ஒரு வயதில் பேசுகிறதா என்று பார்த்துவிட்டுப் போனால் போதாதா? சொந்தத்தில் கட்டியதால்தான் இப்படி என்று லயத்து வரிசை வீடுகளில் பேசுகிறார்கள். அது உண்மையா?"

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

துண்டைப் படமெடுத்துக் கடிதத்தோடு அனுப்பியது நல்லதாய்ப் போயிற்று. அதில் காது கேட்கவில்லை என்று எங்கேயும் எழுதவில்லை. முதல் சோதனையில் இரண்டு காதிலிருந்தும் போதுமான பதில் வரவில்லை, ஒரு மாதத்தில் திரும்பச் சோதிக்க வேண்டும் என்றுதான் இருக்கிறது. பக்கத்துக் கட்டில் அக்கா நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார், ஆனால் சொன்னது தவறு. முதலில் வயிறாரச் சாப்பிடுங்கள், பால் கொடுக்கிற உடம்பு.

அடுத்தது, கண்டிக்குப் போங்கள். ஒரு வயதாகட்டும் என்று விட்டுவிடாதீர்கள். பயப்படாதே என்றும் சொல்கிறாள், கட்டாயம் போ என்றும் சொல்கிறாள், இதென்ன என்று உங்களுக்குத் தோன்றும். காரணத்தைச் சொல்கிறேன்.

அன்று காலை பிள்ளையின் காதில் வைத்த கருவிக்கு ஓ.ஏ.ஈ. என்று பெயர். நுனியில் மெத்தென்ற சின்ன ரப்பர், அதற்குள் ஒரு ஒலிபெருக்கியும் ஒரு மைக்கும். மிஷின் காதுக்குள் 'டிக் டிக்' என்று மெல்லிய சத்தம் அனுப்பும். நம் உள்காதில் நத்தைச்சுருள் என்று ஒரு பகுதி இருக்கிறது, அதில் வரிசை வரிசையாக மயிர்க்கலங்கள். சத்தம் வந்ததும் அவற்றில் வெளி வரிசையில் இருப்பவை அசைந்து அந்தச் சத்தத்தைப் பெருக்கிக் கொடுக்கும். அந்த அசைவிலேயே இன்னொரு நுண்ணிய சத்தம் பிறந்து, செவிப்பறை வழியாக வெளியே திரும்பி வரும். 1978 இல் லண்டனில் டேவிட் கெம்ப் என்ற விஞ்ஞானி இதை அளந்து காட்டினார். திரும்பி வரும் அந்தச் சத்தத்தை மைக் பிடித்துக்கொண்டால் உள்காது வேலை செய்கிறது என்று அர்த்தம். வலியில்லை, ஊசியில்லை, பிள்ளை தூங்கினால் சில நிமிடத்தில் முடிந்துவிடும். (குதிக்காலில் குத்தி இரண்டு சொட்டு இரத்தம் எடுத்திருப்பார்கள். அது தைராய்டுக்கான சோதனை. 'காதையும் அதிலேயே பார்த்துவிட்டார்கள்' என்று சில அம்மாமார் நினைத்துக்கொள்கிறார்கள். இது வேறு, அது வேறு.)

இந்தச் சத்தம் உள்ளே போகவும் வரவும் வழி திறந்திருக்க வேண்டும். பிறந்த பிள்ளையின் உடம்பில் வெள்ளை மெழுகு போல ஒன்று ஒட்டியிருக்குமே, அது காதுத் துவாரத்திலும் இருக்கும். செவிப்பறைக்குப் பின்னால் நீரும் தேங்கி நிற்கும். ஒபரேஷன் செய்து எடுத்த பிள்ளைகளுக்கு அந்த நீர் வடிய இன்னும் கொஞ்சம் நேரமாகும். 24 மணித்தியாலத்துக்குள் சோதித்தால் நல்ல காதுள்ள பிள்ளைகளும் நிறையப் பேர் முதல் சோதனையில் தேறாமல் தங்கிவிடுவார்கள். 48 மணித்தியாலம் கழித்துப் பார்ப்பது நல்லது. ஆனால் கட்டில் தட்டுப்பாடுள்ள ஆஸ்பத்திரியில் தாயை அதுவரை வைத்திருக்க முடிவதில்லை. வீட்டுக்குப் போனால் திரும்ப வரமாட்டார் என்ற பயத்தில் அடுத்த நாளே பார்த்துவிடுகிறார்கள். வார்டிலும் சும்மாவா இருக்கிறது? பக்கத்துப் பிள்ளை அழும், தள்ளுவண்டி உருளும், பார்வையாளர் நேரம் வந்துவிடும். மைக் பிடிக்க வேண்டியதோ மிக மெல்லிய ஒலி.

கணக்காகச் சொன்னால் இன்னும் தெளிவாகும். நிரந்தரமான கேள்விக் குறையோடு பிறப்பது 1000 பிள்ளைகளில் ஏறக்குறைய 1 முதல் 3 பேர். ஆனால் பிறந்த முதல் நாளில் 1000 பேரைச் சோதித்தால், திரும்ப வரச் சொல்லித் துண்டு வாங்குகிறவர்கள் 100 பேருக்கு மேல்கூட இருக்கலாம். உங்கள் மகள் அந்த 100 பேரில் ஒருத்தி. பெரும்பாலும் அவளுடைய காதில் ஒரு குறையும் இருக்காது. தேயிலை ஸ்டோரில் தூளை முதலில் பெரிய சல்லடையில் போட்டுப் பிறகு சின்னதில் போடுவார்கள், இதுவும் அப்படித்தான். முதல் சல்லடையில் தங்கியதால் யாருக்கும் நோய் என்று ஆகாது.

ஆனால் அந்த 100 பேரில் உண்மையாகவே குறையுள்ள அந்த ஒன்று முதல் மூன்று பிள்ளைகளும் இருக்கிறார்கள். முகத்தைப் பார்த்து அவர்களைப் பிரிக்க முடியாது. எனக்கும் முடியாது, எந்த டொக்டருக்கும் முடியாது. இரண்டாவது சோதனைதான் பிரிக்கும். இந்த வேலையில் எங்களுக்கு மனம் நோகும் இடமும் இதுதான். மிஷின் இல்லாதது ஒரு குறை என்றால், மிஷின் வந்த பிறகு திரும்பி வராத பிள்ளைகள் அதைவிடப் பெரிய குறை. காசும் ஆளும் குறைந்த நாடுகள் எல்லாவற்றிலும் இதே கதைதான். பஸ் காசு இல்லை, துண்டு விளங்கவில்லை, 'பிள்ளை நன்றாகத்தானே இருக்கிறது' என்று வீட்டில் சொன்னார்கள். கடைசி இரண்டும் உங்கள் கடிதத்திலும் இருக்கின்றன. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அத்தை தட்டிய தட்டுக்கு வருகிறேன். அத்தை செய்தது அக்கறையில்தான். பின்னால் நின்று தட்டியதும் புத்திசாலித்தனம், முன்னால் நின்றிருந்தால் கை அசைவைப் பார்த்தே பிள்ளை திரும்பும். ஆனாலும் அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. நாம் சாதாரணமாகப் பேசுவது ஏறக்குறைய 60 டெசிபல். எவர்சில்வர் தட்டைப் பக்கத்தில் வைத்துக் கரண்டியால் ஓங்கித் தட்டினால் சுலபமாக 90 ஐத் தாண்டும். நடுத்தரக் குறையுள்ள பிள்ளைக்குத் தட்டும் கேட்கும், இடியும் கேட்கும், தகரத்தில் அடித்துப் பெய்கிற மழையும் கேட்கும். அந்தப் பிள்ளைக்கு நழுவிப் போவது 'பசி'யில் இருக்கும் 'சி', 'பால்', 'கால்' இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், அடுப்படியில் நின்று நீங்கள் மெதுவாகக் கூப்பிடுவது. பேச்சு கற்க வேண்டியது அதை வைத்துத்தான். முற்றாகக் கேட்காத பிள்ளையும்கூடத் தரை அதிர்ந்தால், கதவு அடித்துக் காற்று முகத்தில் பட்டால் திடுக்கிடும். ஒரு காது மட்டும் கேட்காவிட்டால் வீட்டுச் சோதனை எதிலும் அது தெரியவே தெரியாது.

ஒரு வயது வரை பார்க்கலாமே என்று கேட்டீர்கள். இந்தக் கேள்வியில்தான் நிறையப் பிள்ளைகளின் காலம் போய்விடுகிறது. காது கேட்காத பிள்ளையும் முதல் மாதங்களில் 'ங்கா', 'ஊ' என்று சத்தம் போடும், சிரிக்கும், முகம் பார்க்கும். வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி. ஆறேழு மாதத்துக்குப் பிறகு மற்றப் பிள்ளைகள் 'பபப', 'மம்மம்மா' என்று அடுக்கத் தொடங்கும்போது இந்தப் பிள்ளையின் சத்தம் அதிகரிக்காது, சில நேரம் குறைந்தும் போகும். ஒரு வயதில் 'ஆம்பிளைப் பிள்ளை மெதுவாகத்தான் பேசும்' என்பார்கள், இரண்டு வயதில் 'தகப்பனும் இப்படித்தான் இருந்தான்' என்பார்கள். என்னிடம் வந்து சேரும்போது பிள்ளைக்கு மூன்று, நான்கு வயது. மூளை மொழியை மிக வேகமாகக் கற்கும் ஆண்டுகள் அதற்குள் முடிந்திருக்கும். அந்தத் தாயின் முகத்தைப் பார்த்து, இன்னும் முன்னே வந்திருக்கலாம் என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.

1998 இல் அமெரிக்காவின் கொலராடோவில் கிறிஸ்டீன் யோஷினாகா-இட்டானோ என்ற ஆய்வாளரும் கூட இருந்தவர்களும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஆறு மாதத்துக்கு முன்பே குறை கண்டுபிடிக்கப்பட்டு உதவி கிடைத்த பிள்ளைகள், அதற்குப் பிறகு கண்டுபிடிக்கப்பட்டவர்களைவிட மொழியில் தெளிவாக முன்னே நின்றார்கள். ஒரு மாதத்துக்குள் முதல் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி செய்யும் சோதனை, ஆறு மாதத்துக்குள் உதவி தொடங்குவது என்ற கணக்கை இன்று உலகெங்கும் பின்பற்றுகிறார்கள். உங்கள் மகளுக்கு ஐந்து கிழமை. நீங்கள் பிந்திப் போகவில்லை, சரியான நேரத்தில் நிற்கிறீர்கள்.

இன்னொரு காரணமும் இருக்கிறது, அது தோட்டத்துக் காரணம். பிரசவ லீவு 84 நாள், இப்போது நீங்கள் அதில் இருக்கிறீர்கள். இன்றைக்குக் கண்டிக்குப் போனால் உங்களுக்குப் பேர் (ஒரு நாள் சம்பளம்) போகாது. மலையில் வேலைக்குத் திரும்பிய பிறகு ஒவ்வொரு கிளினிக்கும் ஒரு பேர், சில நேரம் வெள்ளனத் திரும்பினாலும் அரைப்பேர்தான். அப்போது தள்ளிப்போட ஆயிரம் காரணம் வரும். இப்போதே முடித்துவிடுங்கள். அத்தையையே துணைக்குக் கூட்டிப் போங்கள். சோதனையைக் கண்ணால் பார்த்தால் அவருக்கும் மனம் ஆறும்.

போகும் நாளைப் பற்றிச் சில விஷயங்களை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, நான் சொல்கிறேன். முதலில் அன்று செய்தது போலவே ஓ.ஏ.ஈ. பார்ப்பார்கள். அதிலும் பதில் வராவிட்டால் ஏ.பி.ஆர். என்ற சோதனை. நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் சின்ன ஸ்டிக்கர் ஒட்டி, சத்தம் நரம்பு வழியாக மூளைத்தண்டு வரை போகிறதா என்று பார்ப்பது. அதற்கும் வலியில்லை, மின்சாரம் பாய்ச்சுவதும் இல்லை, ஆனால் பிள்ளை ஒரு மணித்தியாலம்வரைகூட அசையாமல் தூங்க வேண்டியிருக்கும். ஆகவே அன்று காலையில் பிள்ளையின் தலைக்கு எண்ணெய் வைக்காதீர்கள், நெற்றியில் பவுடரோ மையோ வேண்டாம். எண்ணெய்ப் பசையில் ஸ்டிக்கர் பிடிக்காது. துடைத்துத் துடைத்துப் பிள்ளை விழித்துக்கொள்ளும், பிறகு இன்னொரு நாள் வரச் சொல்லிவிடுவார்கள். பஸ்ஸில் பிள்ளையை முடிந்தவரை விழித்திருக்க வையுங்கள். ஹட்டனிலிருந்து கினிகத்தேனை இறங்கும் வளைவுகளில் எல்லாப் பிள்ளைகளும் தூங்கிவிடும், அது எனக்கும் தெரியும். இருந்தாலும் கடைசிப் பகுதியில், கம்பளை தாண்டிய பிறகாவது எழுப்பி வைத்து, பாலை நிறுத்தி வைத்து, சோதனை அறைக்குப் போனபின் வயிறு நிறையக் கொடுங்கள். பால் குடித்த பிள்ளை தானாகத் தூங்கும். காதுக்குள் எண்ணெய், தாய்ப்பால் எதுவும் விடவேண்டாம், பஞ்சுக் குச்சியும் போடவேண்டாம். மெழுகு தானாக வந்துவிடும். துண்டு, டிஸ்சார்ஜ் காட், பிள்ளையின் வளர்ச்சிப் பதிவுப் புத்தகம் மூன்றும் பையில் இருக்கட்டும்.

இன்னொன்று. அங்கே யாராவது விளங்காத மொழியில் பேசினால் தலையாட்டிவிட்டு வராதீர்கள். தமிழில் சொல்லுங்கள், தமிழில் எழுதித் தாருங்கள் என்று கேளுங்கள். 1987 இல் வந்த அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியிருக்கிறது. தமிழ் தெரிந்த ஊழியர் ஒருவரைக் கூப்பிடும்படி கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. ஐந்து கிழமையாக ஒரு தாய் சாப்பிடாமல் இருந்ததற்குக் காரணம், அவளுக்கு விளங்கும்படி நாலு வசனம் யாரும் சொல்லாததுதான். அதை நினைத்தால் இந்தத் துறையில் இருக்கிறவள் என்ற முறையில் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

சொந்தத்தில் கட்டியதைப் பற்றி. பிறவியிலேயே காது கேட்காமல் போவதில் பாதிக்கு மேல் பரம்பரை அலகு சார்ந்ததுதான். அதில் பெரும்பகுதி, தாயும் தகப்பனும் ஆளுக்கொரு குறையுள்ள பிரதியை வைத்திருந்து, இரண்டும் பிள்ளையில் சேரும்போது வருவது. அப்படி வைத்திருக்கும் பெற்றோருக்குக் காது நன்றாகவே கேட்கும். நெருங்கிய சொந்தத்தில் இருவரிடமும் ஒரே பிரதி இருக்க வாய்ப்பு கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். அத்தை மகனைக் கட்டியவர்களின் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலானோருக்குக் காது நன்றாகக் கேட்கிறது. அந்நியத்தில் கட்டியவர்களுக்கும் காது கேட்காத பிள்ளை பிறக்கிறது. கண்டியில் கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள், அவர்களுக்கு அது தேவையான தகவல். லயத்தில் பேசுகிறவர்களுக்கு நீங்கள் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இனி உங்கள் நாத்தனாரின் மகன். அவனை நீங்கள் ஒரு உதாரணத்துக்குத்தான் எழுதினீர்கள், ஆனால் கடிதத்தை வாசித்ததிலிருந்து உங்கள் மகளைவிட எனக்கு அவனைப் பற்றித்தான் அதிக யோசனை. குறை மாதத்தில் பிறந்தவன். ஒன்பது நாள் பேபி ரூமில் இருந்தவன். தீவிர பராமரிப்பில் ஐந்து நாளுக்கு மேல் இருந்த பிள்ளைகளை உலகெங்கும் காதுக்கு ஆபத்துள்ளவர்கள் பட்டியலில் வைக்கிறார்கள். போட்ட ஊசி ஜென்டமைசின் வகையாக இருந்து, ஐந்து நாளுக்கு மேல் போட்டிருந்தால் அதுவும் அந்தப் பட்டியலில் வரும். அந்த மருந்து உயிரைக் காப்பாற்றப் போடுவது, போட்டதில் பிழையில்லை. ஆனால் அது உள்காதின் மயிர்க்கலங்களைப் பாதிக்கக்கூடியது, அதனால் பிறகு காதைப் பார்த்தே ஆக வேண்டும். லைட் வைத்ததோடு மஞ்சள் இறங்கியிருந்தால் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். இரத்தம் மாற்றும் அளவுக்கு ஏறியிருந்தால் விஷயம் வேறு. அந்த அளவு மஞ்சள் காதின் நரம்பைப் பாதிக்கலாம். அப்போது உள்காது நன்றாக இருக்கும், ஓ.ஏ.ஈ. மிஷினும் 'சரி' என்றே காட்டும், ஆனால் சத்தம் மூளைக்கு ஒழுங்காகப் போய்ச் சேராது. ஆகவே இந்தப் பிள்ளைக்கு ஓ.ஏ.ஈ. மட்டும் போதாது, ஏ.பி.ஆரும் கட்டாயம் செய்ய வேண்டும்.

அவனுக்கு மூன்று மாதம். இப்போது ஏ.பி.ஆர். என்றால் பால் கொடுத்துத் தூங்க வைத்தே செய்துவிடலாம். ஆறு மாதம் தாண்டினால் பகல் தூக்கம் குறையும், பிள்ளை ஸ்டிக்கரைப் பிடுங்கும், தூக்க மருந்து கொடுத்துச் செய்ய வேண்டி வரலாம். 'எங்களுக்கு யாரும் துண்டு தரவில்லையே' என்று அவர் நினைக்கலாம். துண்டு தராததற்குக் காரணம் அங்கே மிஷின் இல்லாததுதான், பிள்ளையைப் பார்த்து நல்லது என்று சொன்னதால் அல்ல.

மிஷின் இல்லாத ஊரில் பெற்றோர் எதைக் கவனிக்கலாம் என்றும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதை வாசிக்கும் பலருடைய நிலைமை அதுதான். மூன்று மாதமளவில் அழுகிற பிள்ளை உங்களைப் பார்க்காமல், குரலை மட்டும் கேட்டு ஒரு கணமாவது அமைதியாக வேண்டும். நாலிலிருந்து ஆறு மாதத்துக்குள், பின்னாலிருந்து மெதுவாகப் பேசினால் அந்தப் பக்கம் கண்ணையோ தலையையோ திருப்ப வேண்டும். ஒன்பது பத்து மாதத்தில் பெயர் சொன்னால் திரும்ப வேண்டும், 'தாத்தா', 'பாப்பா' மாதிரி அடுக்குச் சத்தம் வர வேண்டும். குறை மாதத்தில் பிறந்த பிள்ளைக்கு, பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து கணக்கைப் போடுங்கள். இவற்றில் ஒன்று இல்லாவிட்டாலும் சோதனைக்குப் போக வேண்டும். ஆனால் எல்லாம் இருப்பதாகத் தெரிந்தாலும், உங்கள் நாத்தனார் மகன் மாதிரிப் பின்னணி உள்ள பிள்ளை கட்டாயம் போக வேண்டும். காதுக்கு முன்னால் சின்னத் துளையோ சதையோ உள்ள பிள்ளை, அண்ணம் பிளந்த பிள்ளை, வீட்டில் சிறுவயதிலிருந்தே காது கேட்காதவர் உள்ள பிள்ளை, மூளைக்காய்ச்சல் வந்து தேறிய பிள்ளை எல்லாரும் அப்படித்தான். பிள்ளைக்காம்பராவில் (தோட்டத்துப் பிள்ளைப் பராமரிப்பு நிலையத்தில்) வேலை செய்கிறவர்களுக்கும் இதைச் சொல்ல விரும்புகிறேன். பத்துப் பதினைந்து பிள்ளைகளை ஒன்றாகப் பார்ப்பதால், எந்தப் பிள்ளை கூப்பிட்டால் திரும்புவதில்லை என்று தாயைவிட உங்களுக்குச் சீக்கிரம் தெரியும். மிட்வைஃபிடம் சொல்லிவிடுங்கள். ஆனால் இந்த அடையாளம் ஏதும் இல்லாமலும் குறை வரும். காது கேட்காமல் பிறக்கும் பிள்ளைகளில் ஏறக்குறையப் பாதிப் பேரிடம் முன்கூட்டிச் சந்தேகிக்க ஒன்றுமே இருப்பதில்லை. எல்லாப் பிள்ளைகளையும் சோதிக்க வேண்டும் என்று நாங்கள் கேட்பது அதனால்தான்.

மலையகத்தில் அது நடக்காத காரியம் இல்லை. கேரளத்தின் கொச்சியில் 2003 இலிருந்து குழந்தை மருத்துவர்கள் ஒரு வழி செய்தார்கள். ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் மிஷின் வாங்கக் காசில்லை. பயிற்சி பெற்ற ஓர் ஆள் ஒரே மிஷினை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக முறை வைத்துப் போனார், தங்கிவிட்ட பிள்ளைகளை மட்டும் ஒரு மையத்துக்குக் கூப்பிட்டார்கள். நைஜீரியாவின் லாகோசில் போலாஜோகோ ஒலுசான்யா என்ற மருத்துவர் பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசிக்கு வரும் பிள்ளைகளை அந்த இடத்திலேயே சோதிக்க வைத்தார். தமிழ்நாட்டில் ஸ்ரீ ராமச்சந்திரா பல்கலைக்கழகத்தார் கிராமத்துச் சுகாதாரப் பணியாளர்களையே பழக்கி வீட்டு வாசலில் ஓ.ஏ.ஈ. பார்க்க வைத்தார்கள், அடுத்த சோதனையை வேனில் வைத்து நகரத்திலிருந்தபடியே கணினி வழியாக நடத்தினார்கள். நம்மிடம் இதைவிட நல்ல அடித்தளம் இருக்கிறது. இங்கே பிரசவம் கிட்டத்தட்ட எல்லாமே ஆஸ்பத்திரியில். பிள்ளை பிறந்ததும் மிட்வைஃப் வீடு தேடி வருகிறார். இரண்டு, நாலு, ஆறு மாதத்தில் தடுப்பூசிக்கு வராத தாய் அரிது. தடுப்பூசியால் என்ன முடியும் என்றும் நாம் பார்த்துவிட்டோம். கர்ப்பத்தில் வந்தால் பிள்ளையின் காதைப் பறிக்கும் ருபெல்லாவை இலங்கை ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2020 இல் அறிவித்தது. ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலை, பொகவந்தலாவை என்று தடுப்பூசி நாளைப் பார்த்து ஒரு மிஷின் சுற்றி வந்தால் போதும், கூடவே தங்கிய பிள்ளையைத் தேடிப் போய்த் தமிழில் பேச ஓர் ஆள். அந்த ஆளுக்கான சம்பளத்தை ஒதுக்காமல் மிஷினை மட்டும் வாங்கி வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

கண்டியில் குறை உறுதியானால் என்ன என்ற கேள்வி உங்கள் மனதில் இருக்கும், எழுதத்தான் பயந்திருப்பீர்கள். இரண்டு மூன்று மாதப் பிள்ளைக்கும் காதுக் கருவி பொருத்தலாம். காது வளர வளர, காதுக்குள் பொருந்தும் அச்சை அடிக்கடி மாற்ற வேண்டும். நம் பனியிலும் ஈரத்திலும் கருவிக் குழாயில் தண்ணீர் கோர்க்கும், இரவில் சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் வைத்தால் நிற்கும். பட்டரியை பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும், விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. கருவி போதாத அளவு குறையென்றால் ஒரு வயதளவில், உள்காதுக்குள் கருவி வைக்கும் கொக்லியர் ஒபரேஷன் பற்றிப் பேசுவார்கள். சைகை மொழியும் மொழிதான், எந்த வழியில் போனாலும் அதைக் கற்பது பிள்ளையைக் கெடுக்காது. கருவிச் செலவுக்குப் பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைக் கேட்கலாம். இப்போதைக்கு இவ்வளவு போதும். எது எப்படியிருந்தாலும் இன்றிலிருந்து பிள்ளையின் முகத்துக்கு நேரே குனிந்து, வழக்கம்போலத் தமிழில் பேசுங்கள், தாலாட்டுங்கள். கேட்கிற பிள்ளைக்கும் அது தேவை, குறைவாகக் கேட்கிற பிள்ளைக்கு இன்னும் தேவை.

நாத்தனார் நாலாம் மாத ஊசி வரை காத்திருக்க வேண்டாம், இந்தக் கிழமையே மிட்வைஃபைப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே போய் எதைச் சொல்வது என்று தடுமாறாமல் இருக்க, கீழே உள்ளதை ஒரு தாளில் எழுதி, டிஸ்சார்ஜ் காட்டோடு சேர்த்துக் கொடுக்கட்டும்:

"என் மகன் குறை மாதத்தில் பிறந்தவர். பேபி ரூமில் ஒன்பது நாள் இருந்தார். மஞ்சளுக்கு லைட் வைத்தார்கள், ஊசி மருந்தும் கொடுத்தார்கள். மருந்தின் பெயரும் நாள் கணக்கும் காட்டில் இருக்கின்றன. இதுவரை காது சோதிக்கப்படவில்லை. ஏ.பி.ஆர். சோதனைக்காகக் காது மூக்குத் தொண்டை கிளினிக்குக்குக் கடிதம் தாருங்கள். திகதியைத் தமிழில் எழுதித் தரவும்."